மணியைக் கழற்றிவிட்டால் யானை வராதா?

சிறுசேரி சிப்காட்டில் ஒரு சர்வர் லேசாகத் தும்மினால் போதும். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் யாரோ ஒருவருடைய போன் அலறும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, எந்த டிஸ்க் நிரம்பியது, எதனால் நிரம்பியது என்று அலசி ஆராய்ந்து, காலையில் ஒரு அறிக்கையும் அனுப்பிவிடுவார். அதில் 'மூல காரணம்' என்று ஒரு தலைப்பே இருக்கும். காரணம் எழுதாமல் வெறுமனே 'ரீஸ்டார்ட் செய்தோம், சரியாகிவிட்டது' என்று அனுப்பினால் மேனேஜர் விடமாட்டார்.

அதே ஆள், சிப்காட் கேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் வாடகை ஃப்ளாட்டில் என்ன செய்கிறார்? ட்ரிப்பர் விழுகிறது. தூக்கி விடுகிறார். மறுபடி விழுகிறது. மறுபடி தூக்கி விடுகிறார். நாலாவது தடவை விழுந்ததும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, "ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சு சார், டைரக்ட்டா குடுத்துடறேன், இனிமே விழாது" என்கிறார். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார். சொன்னபடியே அது அப்புறம் விழுவதில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி தான் இங்கே பிரச்சினை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. ஆனால் வீட்டுக்குள் மணி அடித்தால் முதலில் செய்வது மணியைக் கழற்றுவது. அப்புறம் யானை வந்து மிதித்தால், "பாவம், விதி" என்று பேப்பரில் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புவது.

இதற்கு 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு சமாதானம் எப்போதும் ரெடியாக இருக்கும். அது சுத்தப் பொய். அறிகுறி பார்ப்பதில் தமிழனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காக்கா கரைந்தால் விருந்தாளி. பல்லி சத்தம் போட்டால் அது எந்தத் திசை, என்ன கிழமை, என்ன பலன்? தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் வேறொன்று என்று பஞ்சாங்கத்தில் பக்கம் ஒதுக்கிப் போட்டிருக்கிறது. கீசர் சொட்டினால் என்ன பலன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. பல்லிக்கு இருக்கிற மரியாதை, நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டிய கருவிக்கு இல்லை! :-)

சரி, ட்ரிப்பர் விஷயத்துக்கு. டிபி பாக்ஸைத் திறந்தால் வரிசையாக இருக்கும் சின்ன ஸ்விட்சுகள் எம்சிபி. அவை காப்பாற்றுவது வயரை. பதினாறு ஆம்பியர் எம்சிபி என்றால், அதற்கு மேல் கரண்ட் இழுத்து வயர் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்ளும். மனிதனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கவலைப்படுவது அதே பாக்ஸில் கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் 'டி' என்று ஒரு குட்டிப் பட்டனோடு உட்கார்ந்திருக்கும் ஆர்சிசிபி. லைனில் உள்ளே போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால், "அந்த முப்பது எங்கே போச்சு?" என்று கேட்டு உடனே துண்டித்துவிடும். காணாமல் போனது ஈரச் சுவர் வழியாகப் போயிருக்கலாம், வாஷிங் மெஷின் உடம்பு வழியாகப் போயிருக்கலாம், ஒரு குழந்தையின் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். பதினாறு ஆம்பியர் என்பது பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். முப்பதைப் பார்த்துக் கத்துகிற ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, பதினாறாயிரம் வந்தால் தான் வாயைத் திறப்பேன் என்கிற ஆளை நம்பி வீட்டை ஒப்படைப்பதற்குப் பெயர் தான் 'டைரக்ட்டா குடுக்கறது'.

ஆர்சிசிபி வீணாக விழுவதே இல்லையா என்றால், விழும். இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர், டிவி, எல்இடி விளக்கு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்குக் கசியவிடும். பத்துப் பதினைந்து சேர்ந்தால் முப்பதை நெருங்கிவிடும். பால்கனி விளக்குக்குள் மழைத் தண்ணீர் இறங்கினாலும் விழும். இடி இடித்தாலும் சில சமயம் விழும். ஆனால் எது என்று கண்டுபிடிப்பது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினால், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அந்த லைனில் இருக்கிற பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எந்தச் சாமான் என்பதும் தெரிந்துவிடும். சில சமயம் எம்சிபியை இறக்கின பிறகும் விழும். அப்போது நியூட்ரல் பக்கம் கசிகிறது, வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டியது தான். கோடில் பிழை தேடும்போது பாதிப் பாதியாக ஒதுக்கித் தேடுகிற அதே வித்தை! தினம் பத்து மணி நேரம் அதையே செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் குடியிருக்கும் ஊரில், வீட்டுக்கு வந்ததும் அந்த மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. "வாஷிங் மெஷினைத் தொடும்போது செருப்பு போட்டுக்கோ." "அந்தக் குழாயைக் குளிக்கும்போது தொடாதே, லேசா ஜிவ்வுன்னு இருக்கும்." "கிச்சன்ல மூணாவது ஸ்விட்சை மட்டும் ஈரக் கையால போடாதேம்மா." எத்தனை வீடுகளில் விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் இந்தப் பாடம் நடக்கிறது! ஷாக் அடிக்கிறது என்று தெரிகிறது. எங்கே அடிக்கிறது என்று தெரிகிறது. எப்போது அடிக்கிறது என்பதும் தெரிகிறது. அத்தனையும் தெரிந்த பிறகு எடுக்கும் நடவடிக்கை, ரப்பர் செருப்பு. மெஷின் மூடிக்கொண்டிருக்கும் தகரத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது என்றால், உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது, அது போய்ச் சேர வேண்டிய எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு! சிறுசேரி கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், கோவளம் காற்று வந்து சேராத தூரமும் இல்லை. எர்த் கம்பியை முடுக்கியிருக்கும் போல்ட்டும் நட்டும் உப்புக் காற்றில் பூத்துப் போவது இங்கே சகஜம். ஏழெட்டு வருஷம் முன்னால் கட்டிய கட்டடம் தானே என்று சும்மா இருக்க முடியாது.

இதைவிட அவசரமான அறிகுறி ஒன்று உண்டு. ஒரு ரூமில் விளக்கு மங்கலாகிறது, அதே நேரம் இன்னொரு ரூமில் பளீரென்று எரிகிறது, ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது. மூன்று ஃபேஸ் வரும் வீடுகளில் இப்படி ஆனால், பெரும்பாலும் நியூட்ரல் போயிருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முந்நூற்றுச் சொச்சமோ நானூறை ஒட்டியோ வந்துகொண்டிருக்கும். வேடிக்கை பார்க்க நேரம் இல்லை, மெயினை அணைக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? "என்னடா இது, லைட் டிஸ்கோ ஆடுது" என்று வாட்ஸப் குரூப்பில் வீடியோ ஏறுகிறது!

அடுத்தது கீசர். ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணியும் லாரித் தண்ணியும் சேர்ந்து கீசருக்குள் சுண்ணாம்பு பூசுகிறது. ஹீட்டர் மேல் அது கட்டியாகப் படிந்தால், அடுப்பில் சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று சத்தம் வரும். தண்ணீர் சுடவும் முன்பைவிட நேரம் ஆகும். இது கீசர் ஒழுங்காக எழுதி அனுப்பும் கடிதம்: 'உள்ளே கழுவுங்கள், இல்லாவிட்டால் காயில் போகும்.' பழுப்புத் தண்ணீர் வந்தால் இன்னொரு கடிதம். உள்ளே டாங்க்கைத் துருவிலிருந்து காப்பாற்றத் தன்னையே அரித்துக் கொடுக்கும் மக்னீசியம் கம்பி தீர்ந்துவிட்டது, அரிப்பு இப்போது டாங்க்கையே தின்கிறது.

மூன்றாவது கடிதம் தான் முக்கியம். கீசரின் அடியில் ஒரு பித்தளை வால்வு இருக்கும். இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 350 மில்லி கூடுதலாகிறது, ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்தக் கூடுதலுக்கு இடம் வேண்டும். குழாய் வழியே திரும்பிப் போக வழி இல்லாவிட்டால் வால்வு கொஞ்சம் சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைப் பார்க்கிறது. சுவிட்ச் அணைந்த பிறகும், நாள் பூராவும் சொட்டினால், வால்வு கெட்டிருக்கிறது அல்லது குழாயில் அழுத்தம் அதிகம். உயரமான கட்டடங்களில் இந்த இரண்டாவது காரணத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். பதினைந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரருக்கு நாலு கிலோ வரும். அதைக் குறைக்க நடுவில் வால்வுகள் வைக்க வேண்டும். வைத்தார்களா, வைத்தது வேலை செய்கிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, சொட்டுகிற வாயில் எம்-சீலை அப்பி, டெஃப்லான் டேப்பைச் சுற்றி அடைக்கிற பிளம்பர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால், அன்றைக்கு அந்த பாத்ரூமில் இருப்பது வெயிட் வால்வும் சேஃப்டி வால்வும் அடைபட்ட ஒரு பெரிய குக்கர். குக்கரில் விசில் வராவிட்டால் பதறி ஓடுகிற அதே அம்மாக்கள், கீசரில் சொட்டு நின்றதும் "அப்பாடா" என்கிறார்கள்.

குழாய் மூடும்போது சுவருக்குள் 'டம்' என்று இடிப்பதும் அழுத்தத்தின் பேச்சு தான். ஃப்ளஷ் டாங்க்கில் ராத்திரி பூராவும் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்பது வேறு கதை. கொஞ்சம் காபி டிகாஷனை டாங்க்கில் ஊற்றி, அரைமணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விட்டால் தெரிந்துவிடும். கீழே கோப்பையில் நிறம் வந்தால் உள்ளே வாஷர் போயிற்று. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஓஎம்ஆர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது, அதே ஊழியர்களின் வீடுகளில் எத்தனை ஃப்ளஷ் டாங்க்குகள் லாரித் தண்ணியை 'ஸ்ஸ்ஸ்' என்று சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன என்று யாராவது எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் கொஞ்சம் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. கேஸுக்கு இயற்கையாக வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாசனையில்லாத இயற்கை வாயு கசிந்து நிரம்பி, ஒரு பொறியில் வெடித்தது. சுமார் முந்நூறு பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகு தான் கேஸில் நாற்றம் கலக்க வேண்டும் என்பது சட்டமாக அங்கே ஆரம்பித்து உலகம் பூராவும் பரவியது. இன்று சிலிண்டரைத் திறந்தால் மூக்கில் ஏறும் அந்த அழுகல் நாற்றம் மெர்காப்டன் என்ற ரசாயனம், வேண்டுமென்றே கலந்தது. முந்நூறு உயிர் கொடுத்து வாங்கிய மணி அது.

அதையும் கழற்ற வழி கண்டுபிடித்தாயிற்று. "கேஸ் கொஞ்சம் ஸ்மெல் வருது, ஊதுவத்தி ஏத்தி வை"! இதில் இரண்டு முட்டாள்தனம். மணியை மூடுவது ஒன்று, நெருப்பைப் பற்ற வைப்பது இன்னொன்று. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து கட்டிலுக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போய்விடும் என்று ஸ்விட்சைத் தட்டினால் அந்த ஸ்விட்சில் வரும் பொறியே போதும். எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை வாயு நேர் எதிர், காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் சேரும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும் வீடுகளில் இந்த வித்தியாசத்தை இணைப்புக் கொடுக்க வருகிறவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாரா என்பது நல்ல கேள்வி.

மூக்கை நம்புவதற்கும் எல்லை உண்டு. ஒரே நாற்றத்தில் அரைமணி இருந்தால் மூக்கு பழகிவிடும். சாக்கடை வாயுவில் இது இன்னும் கொடூரம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓரளவுக்கு மேல் போனால் மூக்கின் நரம்பையே மரக்க வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நிமிடம் தான் சாவு. 2019 மார்ச் 26 அன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுத் தொட்டியில் ஆறு பேர் செத்தார்கள், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவராக இறங்கி. மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 2013-ல்! ஓஎம்ஆரில் பாதாளச் சாக்கடை வந்து சேராத கட்டடங்கள் ஒவ்வொன்றும் அடியில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே நாற்றம் அதிகமானால் அசோசியேஷன் செய்வது வாசனைத் திரவம் வாங்குவது.

ஊரப்பாக்கம் தெரியும் தானே. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம். 2022 நவம்பர் 4 விடியற்காலையில், அங்கே ஒரு ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய புகையில் மூச்சுத் திணறி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. வெளிநாட்டிலிருந்து திதி கொடுக்க வந்து தங்கியவர்கள். அந்த ஃப்ரிட்ஜ் அவர்களுக்கு முன்கூட்டியே ஏதாவது சொன்னதா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் அருகதையும் இல்லை. ஆனால் பூட்டி வைத்த வீட்டைத் திறந்து பழைய ஃப்ரிட்ஜுக்கு பிளக் போடுகிற வேலை, செங்கல்பட்டு மாவட்டம் பூராவும் ஒவ்வொரு லீவுக்கும் நடக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனித்தால் போதும். கம்ப்ரசர் ஓட முயன்று ஓட முடியாமல் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று விட்டு விட்டு அடிப்பது, பிளக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு, சாக்கெட் ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பாவது, மீன் நாற்றம் மாதிரி ஒரு கருகல் வாசனை. இதில் ஒன்று வந்தாலும் பிளக்கைப் பிடுங்க வேண்டியது தான். ஒரு நாள் பால் கெட்டுப்போனால் குடி முழுகிவிடாது.

இந்த மணி கழற்றும் வியாதி ஏழை எளியவருக்கு, படிக்காதவருக்கு என்று யாராவது நினைத்தால், 2021-ல் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில் சர்ஃப்சைடு. 1981-ல் கட்டிய பன்னிரண்டு மாடி ஃப்ளாட், வசதியானவர்கள் குடியிருந்தது. நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்திருக்கிறது, விரிசல் இருக்கிறது என்று 2018-லேயே ஒரு இன்ஜினியர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம்? அசோசியேஷன் மீட்டிங், சண்டை, ராஜினாமா, யார் எவ்வளவு போடுவது என்று பேச்சு. செலவு ஒன்றரைக் கோடி டாலர் வரை வந்து நின்றது. 2021 ஜூன் 24 நள்ளிரவு தாண்டி கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 98 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று, அதே 2021 டிசம்பர் 27, சென்னை திருவொற்றியூர். குடிசை மாற்று வாரியம் கட்டிய, முப்பது வருஷம்கூட ஆகாத குடியிருப்பு. சுவரில் விரிசல் பெரிசாகிறது என்று குடியிருந்தவர்கள் கவனித்தார்கள். அறிக்கை யாரும் எழுதவில்லை, மீட்டிங்கும் போடவில்லை. கதவைத் தட்டி, கத்தி, கூப்பிட்டு எல்லோரையும் கீழே இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் 24 வீடுகள் கொண்ட அந்த பிளாக் அப்படியே தரைமட்டம் ஆனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சாமான் செட்டெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போனது, அது தனிக் கொடுமை.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு கான்கிரீட் பாடம் யாரும் எடுத்திருக்கவில்லை. சுவர் பேசியது, கேட்டார்கள். சர்ஃப்சைடில் சுவர் பேசியதை இன்ஜினியர் மொழிபெயர்த்தே கொடுத்தார், மூன்று வருஷம் விவாதித்தார்கள். சிறுசேரி, ஏகாட்டூர், படூர், தாழம்பூர் பக்கத்து ஃப்ளாட்டுகள் இந்த இரண்டில் எதைப் போல இருக்கின்றன? பார்க்கிங்கில் தூணின் அடியில் நேர்கோட்டில் ஓடும் விரிசலுக்கும், அதிலிருந்து ஒழுகும் பழுப்புக் கறைக்கும் அசோசியேஷன் என்ன பதில் வைத்திருக்கிறது? உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு இடம் கேட்டுப் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்பது அந்தக் கறைக்கு அர்த்தம். தட்டினால் பொத்தென்று காலிச் சத்தம் கேட்கும். இதற்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் மருந்து, தீபாவளிக்கு முன்னால் ஒரு கோட் பெயின்ட்.

இப்போது யாரைத் திட்டுவது என்ற கட்டம். குடியிருப்பவரை ஏற்கனவே திட்டியாயிற்று, ஆனால் எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டினால் தப்பித்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

தயாரிப்பாளர்கள் முதலில். வாஷிங் மெஷினில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் மினுக்கும், அர்த்தம் என்ன என்று கையேட்டைத் திறந்தால் ஆங்கிலம், அப்புறம் இந்தி. தமிழில் இருந்தால் அதிர்ஷ்டம். விளம்பரத்தில் மட்டும் "உங்கள் இல்லத்தின் தோழன்" என்று அழகுத் தமிழ் வருகிறது. விற்கும்போது தெரிகிற தமிழ், எச்சரிக்கும்போது மறந்துபோவது என்ன நியாயம்? சிறுசேரியைச் சுற்றி லைன் வீடுகளில் ஒரு ரூமுக்கு ஐந்தாறு பேராக இருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கோ தமிழ் கையேடும் உதவாது. அவர்கள் ரூமில் கையேடும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை. ஒரே ஒரு பிளக் பாயின்ட்டில் மல்டி பின் மேல் மல்டி பின் மாட்டி, இண்டக்ஷன் அடுப்பும் ஆறு சார்ஜரும் ஓடும். அந்தப் பிளக் பாயின்ட் ஏற்கனவே பழுப்பாகியிருக்கும்.

எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் கம்பியாள் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் கோபம் வருகிறது. கேட்கிறவருக்கும் கூச்சம். டாக்டர் போர்டில் எம்.பி.பி.எஸ். இருக்கிறதா என்று பார்ப்பதில் இல்லாத கூச்சம் இதில் எதற்கு? அரசாங்கம் தேர்வு வைத்து, தமிழ்நாட்டில் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு தான் இருக்கிறது.

அசோசியேஷன்கள் அடுத்து. எத்தனையோ கட்டடங்களில் செக்யூரிட்டி மேஜைக்குப் பின்னால் ஃபயர் அலாரம் பேனல் ஒன்று மஞ்சள் விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கும், பஸ்ஸர் வாயை மட்டும் அடைத்திருப்பார்கள். கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான் சார் கத்தும், தொல்லை". எப்பவும் கத்துவதால் யாரும் கேட்காத அலாரம், அலாரமே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் மேலே பன்னிரண்டாவது மாடியில் ஒருவர் அதை நம்பித் தூங்குகிறார்.

கடைசியாக ஹவுஸ் ஓனர். அமெரிக்காவிலோ அண்ணா நகரிலோ இருந்துகொண்டு, "எல்லாம் நல்லா தானே இருந்துது, நீங்க வந்தப்புறம் எப்படி கெட்டுது?" என்று கேட்கும் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது தான் ஓஎம்ஆரில் அதிகமாக மணிகளைக் கழற்றிய ஸ்பேனர். அட்வான்ஸில் பிடித்துவிடுவார் என்ற பயத்திலேயே குடியிருப்பவர் வாயைத் திறப்பதில்லை. சுவரில் ஈரம், ஸ்விட்ச் போர்டில் சூடு, எல்லாம் பதினோரு மாதம் ஓட்டிவிட்டுப் போய்விடலாம் என்று அடுத்தவர் தலைக்குத் தள்ளப்படுகிறது. அடுத்தவரும் அதே கணக்கு.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் 2017-ல் ஒரு சட்டம் போட்டு, 2019-ல் அமலுக்கு வந்தது. அதன் இணைப்பில் யாருக்கு எந்த வேலை என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, குழாய்களை மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங், இவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர் ரிப்பேர் மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எதற்கும் எழுத்தில் ஒரு தகவல் வேண்டும். 'இன்ன தேதியில் வாஷிங் மெஷின் லைனில் ஆர்சிசிபி மூன்று தடவை விழுந்தது, மெஷினைப் பிடுங்கின பிறகும் விழுகிறது, வயரிங் பார்க்க வேண்டும்' என்று தேதி போட்டு ஒரு மெயிலோ வாட்ஸப்போ அனுப்பினால், "நீங்க வந்தப்புறம் எப்படி கெட்டுது" என்ற கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. சர்வருக்கு எழுதுகிற அதே அறிக்கை தான், மூல காரணம் என்ற தலைப்போடு எழுதினாலும் தப்பில்லை.

ஆர்சிசிபியில் அந்த 'டி' பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கினதும் விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டியது தான், ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொஞ்சம் ஆகும். பாக்ஸில் அந்தப் பட்டனே இல்லை என்றால், எழுத வேண்டிய மெயிலின் முதல் வரி கிடைத்துவிட்டது.